வழுக்காத தரை

மார்ச் 4, செவ்வாய்

காலை டிரிப் முடிந்து வந்து வேனைத் தெருவிலேயே நிறுத்தினேன். கராஜ் காலியாகத்தான் கிடக்கிறது. அவர் விழுந்ததிலிருந்து அதற்குள் வண்டியை விட மனசு வரவில்லை.

பள்ளிக்கூட வேனை ஓட்டுவது நான், அதைப் பழுது பார்ப்பது அவர். எங்கள் குடித்தனமே இந்தப் பங்கீட்டில்தான் ஓடுகிறது. போன மாதம் வேனுக்கு ஆயில் மாற்றி என்னை டிரிப்புக்கு அனுப்பிவிட்டு, சிந்தியிருந்ததில் கால் வைத்து, மனுஷர் அப்படியே மல்லாந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நடைப்பயிற்சி மையத்திலேயே தங்கி, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி நடை பழகுகிறார். உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், நான் கொண்டுபோகும் டீயில் குறை சொல்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு?

இன்று பிசியோதெரபிஸ்ட் கேட்டார். "வீட்டுக்குள்ள போற வழி எப்படிம்மா? படி இருக்கா?" முன்வாசலில் படிகள். படியில்லாமல் நுழைய கராஜ் ஒன்றுதான் வழி, அங்கிருந்து அடுக்களைக்கு ஒரு கதவு. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தத் தரைய நான் இனிமே மிதிக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விளையாட்டில்லை.

மார்ச் 6, வியாழன்

மையத்துக்கு நாத்தனார் வந்திருந்தார். இவருக்கு மூத்தவர், ஒரே அக்கா. எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால், "என் தம்பிய பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?" என்று கேட்டார். "உங்க தம்பி என்ன கைக்குழந்தையா?" என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்க்கிறோம்.

இன்று நர்ஸிடம் சொல்வது போல எனக்குச் சொன்னார்: "எங்க பில்டிங்ல லிப்ட் இருக்கு. இங்கேருந்து நேரா எங்க வீட்டுக்கே வரட்டும்."

இவர் சொன்னார்: "சரிக்கா."

அந்த 'சரிக்கா' இன்னும் காதிலேயே இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் கூப்பிடுகிறார், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தரைக்குப் பயந்து அங்கே போகிறவர், அந்தப் பயத்தை விட்டுவிட்டு எப்போது இங்கே திரும்புவார்? வாரம் மாதமாகும். மாதம் பழக்கமாகும். என் வீட்டு மனுஷர் விருந்தாளியாக வந்து போவாரா?

முடியாது. தரைதானே பிரச்சினை? தரையை மாற்றுகிறேன்.

மார்ச் 8, சனி

பெயிண்ட் கடை. கடைக்காரர் வாயால் பூசியே ஊரை மெழுகிவிடுவார். எடுத்த எடுப்பில் பளபளவென்று ஒரு மாதிரித் துண்டைக் காட்டி, "முகம் பாத்து தலை சீவலாம்மா" என்றார்.

"ஒருத்தர் வழுக்கி விழுந்த தரைண்ணே அது. அதுல போய் கண்ணாடி பதிக்கவா?"

மனுஷர் அந்தத் துண்டை உள்ளே வைத்துவிட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், வந்த மற்றவர்களைக் காக்க வைத்துவிட்டு எனக்கு விளக்கினார். சாதாரணத் தரைப் பெயிண்ட் வேண்டாம், ஓடி வந்த டயர் சூட்டில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். டைல்ஸ் வேண்டாம், ஜாக்கி வைத்தால் விரியும், ஈரத்தில் வழுக்கும். ஒரு மணி நேரத்தில் இறுகிவிடுகிற ரகம் ஒன்று உண்டு, அதைப் பழகின ஆட்கள்தான் போட முடியும். எனக்கு எபாக்சிதான் சரி என்றார். பெரிய டின்னில் பெயிண்ட், சின்ன டின்னில் ஹார்டனர். இரண்டையும் சரியான அளவில் கலந்தால்தான் இறுகும், கூடினாலும் குறைந்தாலும் இறுகாது. ஈரமாக இருக்கும்போதே மேலே பொடி மணலைத் தூவ வேண்டும், அந்த மணல்தான் காலுக்குப் பிடிப்பு. காய்ந்ததும் அதன்மேல் நிறமில்லாத ஒரு பூச்சு. வருஷக் கணக்கில் உழைக்குமாம்.

"எவ்வளவு மணல்ண்ணே?"

"அதை நடக்கிறவரத்தான் கேக்கணும்."

இந்த ஒரு பதிலுக்காகவே அவருடைய மற்ற பேச்சையெல்லாம் மன்னிக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

தரையில் பிளாஸ்டிக் ஷீட்டைப் பரப்பி நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறேன். கீழிருந்து ஈரம் ஏறினால் ஷீட்டின் அடியில் வியர்க்குமாம். வியர்த்தால் எபாக்சி நிற்காது. கடவுளே, வியர்க்கக் கூடாது.

மார்ச் 10, திங்கள்

வியர்க்கவில்லை!

மார்ச் 12, புதன்

மூன்று பலகைத் துண்டுகளில் பூசி, ஒன்றில் கொஞ்சம் மணல், ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் தாராளம் என்று தூவிக் காயவைத்து, மையத்துக்கு எடுத்துப் போனேன். வேன் பிள்ளைகள் என்ன என்னவென்று கேட்டுத் துளைத்துவிட்டார்கள். தாத்தாவுக்குப் பரீட்சை என்று சொல்லி வைத்தேன். தாத்தா என்று சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்க, பலகைகளைக் காலடியில் வைத்து, பாட்டில் தண்ணீரை மேலே ஊற்றினேன். நர்ஸ் பார்த்துவிட்டார், திட்டப் போகிறார் என்று பயந்தேன். ஒரு பழைய துண்டை எடுத்துவந்து கீழே போட்டுவிட்டுப் போனார்.

முதல் பலகையில் பாதத்தை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "வழுக்குது." தாராள மணலில் வைத்தார். "ஏய், கேரட் சீவுற தகடா இது?" பிசியோதெரபிஸ்டும் அதையே வேறு மாதிரி சொன்னார். "ரொம்ப சொரசொரப்பு வேண்டாம்மா. இன்னும் காலை இழுத்துத்தான் வைக்கிறாரு. பாதம் மாட்டினா முன்பக்கம் விழுவாரு."

நடுப் பலகையில் வைத்த காலை அவர் எடுக்கவில்லை. கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். இன்னொரு காலையும் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல நிக்கலாம்" என்றார்.

நடக்கலாம் என்று சொல்லவில்லை, தெரியும். ஆனாலும் திரும்பி வரும் வழி முழுக்கப் பாட்டுத்தான். நல்லவேளை, வேனில் பிள்ளைகள் இல்லை.

மார்ச் 15, சனி

எதிர்வீட்டுத் தச்சர் தன்னுடைய தூசி உறிஞ்சும் மெஷினையும், பெயிண்ட் கலக்கும் டிரில்லையும் கொடுத்தார். கேட்கப் போனது மெஷினை மட்டும்தான். "டிரில் இல்லாம எப்படிக் கலக்குவீங்க, கரண்டியாலயா?" என்று அவராகவே எடுத்துவந்து வைத்தார். இந்தத் தெருவில் எனக்கு இத்தனை மனுஷர்கள் இருப்பது தெரியாமலேயே இத்தனை நாள் ஹாரன் அடித்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன்.

நேற்றே ஆயில் கறைகளை மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தேன். இன்று தரை தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாத்தனார்! பழைய சட்டை, தலையில் துண்டு, முகத்தில் மாஸ்க். பலகையைப் பற்றித் தம்பி போனில் சொல்லியிருக்கிறார் போல.

என்னைப் பார்க்கவில்லை. கராஜ் ஷட்டரைப் பார்த்து, "எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்றார்.

"மூலையிலேருந்து" என்று நானும் ஷட்டருக்கே பதில் சொன்னேன்.

நாள் முழுக்க இப்படித்தான். நான் மெஷினைத் தள்ளினேன், அவர் பின்னாலேயே தூசியை உறிஞ்சிக்கொண்டு வந்தார். விரிசல்களில் பசை அடைத்தோம். சளைக்காத உழைப்பாளி, சும்மா சொல்லக்கூடாது. போகும்போது சுவரிடம், "நாளைக்குக் காலையில வரேன்" என்றார். மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் நானும் சுவரைப் பார்த்துத்தான் தலையாட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

பூசியாயிற்று. பாதிதான்.

கராஜை இரண்டாகப் பிரித்து, உள்பாதிக்கு ஒரு செட், வாசல்பாதிக்கு ஒரு செட் என்று வாங்கியிருந்தேன். உள்பாதி முடிந்தது. சாம்பல் நிறம், மேலே மணல், அழகு அப்படி ஒரு அழகு. இரண்டாவது பெரிய டின்னைத் திறந்துவிட்டுப் பார்க்கிறேன், ஹார்டனர் இல்லை. இரண்டு சின்ன டின்னும் காலி. நாத்தனாரும் அந்தக் காலி டின்களைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடைக்காரர் ஒன்றைக் காலியாகவே தலையில் கட்டிவிட்டாரா? ஞாயிற்றுக்கிழமை, கடையும் கிடையாது.

சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

தரை காயவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் போயும் காயவில்லை! விரலை வைத்தால் பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறது.

கடைக்காரரைப் பிடித்துக் கத்தினேன். "ரெண்டும் சீல் உடைக்காம குடுத்தேனேம்மா. எனக்கு என்ன தலையெழுத்தா?" என்று அவரும் கத்தினார்.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். நான் தடுப்பதற்குள் உள்ளே காலை வைத்துவிட்டார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடி செருப்பைப் பார்த்தார். பிறகு, ஒரு மாதத்துக்கப்புறம் முதன்முறையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து ஹார்டனர் நீ ஊத்தினியா?"

"ஊத்தினேனே. ஊத்திட்டுத்தான் டிரில் எடுக்க உள்ள போனேன்."

"ஐயோ… நீ மறந்துட்டேன்னு நினைச்சு நானும் ஒண்ணு ஊத்தினேனே!"

ஊத்தியாச்சா என்று ஒரு வார்த்தை. அவர் கேட்கவில்லை. இரண்டு டின்னும் காலியாகக் கிடந்தபோது நான் கேட்கவில்லை. ஒரு பங்கு போட வேண்டிய இடத்தில் இரண்டு பங்கு போட்டு, உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் இப்படிக் கெடுக்க முடியும். எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அவர் ஒற்றைச் செருப்போடு நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு. ஷட்டரைப் பிடித்துக்கொண்டு இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்ததும் சொன்னார். "அன்னிக்கு வராந்தாவுல… பயத்துல என்ன பேசறேன்னே தெரியலடி. மனசுல வச்சுக்காத."

"விடுங்க அண்ணி. நானும் சும்மா இருந்தேனா என்ன?"

இந்த 'அண்ணி'யைச் சொல்லி எத்தனை நாளாயிற்று. நாக்குக்கே நன்றாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

சுரண்டல். கையுறை, மாஸ்க், இரும்புத் தகடு. மருந்து போட்டுப் போட்டுச் சுரண்டுகிறோம். கெட்டியும் இல்லாமல் தண்ணியும் இல்லாமல், சவ்வு மாதிரி வருகிறது. சனிக்கிழமைக்குள் நடக்காது.

மையத்தில் வேறொருவருக்குக் கட்டில் வேண்டுமாம், தேதியை மாற்ற முடியாது என்கிறார்கள். அப்படியென்றால் அக்கா வீடுதான். போனால் திரும்ப மாட்டார். எனக்குத் தெரியும். என்ன செய்ய?

மார்ச் 19, புதன்

அண்ணியே மையத்துக்குப் போய் மேலாளர் முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். "ஒரு வாரம் குடுங்க. என் வீட்டுக்கு அவன் வர வேண்டாம். அவன் வீட்டுக்குத்தான் போகணும்." லிப்ட் லிப்ட் என்று ஜெபித்தவர்! கிடைத்துவிட்டது ஒரு வாரம்.

போனில் இதைச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "நன்றி கின்றின்னு ஆரம்பிச்சே, வச்சிடுவேன்" என்றார். ஆரம்பித்தேன். வைத்துவிட்டார்.

மார்ச் 22, சனி

நேற்றோடு சுரண்டி முடித்தோம், புது டின்களும் வாங்கியாயிற்று. இன்று கராஜுக்குள் சந்தைக் கூச்சல். "டின்னைத் தொறக்கறேன்!" "தொற!" "ஹார்டனர் ஊத்தறேன் அண்ணி, பாத்துக்குங்க!" "பாத்துட்டேன், ஊத்து!" "ஊத்தியாச்சு!" "காலி டின்ன என் கையில குடு!" தச்சர் என்ன சண்டையோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கலந்ததும் வாளியில் வைத்திருக்கக் கூடாது, சூடேறி அங்கேயே இறுகிவிடும். உடனே தரையில் கோடு கோடாக ஊற்றினேன், அண்ணி ரப்பர் பட்டையால் இழுத்தார், நான் ரோலர் போட்டேன். மணலை அவர்தான் தூவினார், பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, அதே அளவு. உள்பாதியும் முடிந்தது, வாசல்பாதியும் முடிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

இறுகிவிட்டது. நகத்தால் கீறிப் பார்த்தேன், நகம்தான் போனது. மேல்பூச்சும் போட்டாயிற்று. வேனை மட்டும் ஒரு வாரம் விடக்கூடாதாம்.

மார்ச் 29, சனி

வந்துவிட்டார்.

கராஜ் வாசலில் வாடகைக் காரை நிறுத்தினோம். வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். தரையைப் பார்த்தார், ரொம்ப நேரம். அண்ணி உள்ளே போய், "பாருடா, பாரு" என்று மூட்டுவலிக் காலோடு தங்கு தங்கென்று குதித்துக் காட்டினார். இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு வேண்டாமே" என்றார்.

சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அடுக்களையில் உட்கார்ந்து டீ குடித்தார். சர்க்கரை கம்மி என்றார். வீட்டில் அவர் குரல் கேட்கிறது. போதும், போதும், இன்றைக்கு இது போதும்.

ஏப்ரல் 17, வியாழன்

வீட்டுக்குள் வாக்கரோடு ஜம்மென்று நடக்கிறார், அடுக்களைக் கதவு வரைக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலிதான்.

மே 3, சனி

இன்று பொறுமை போய்விட்டது. நாற்காலியைத் தள்ள மாட்டேன் என்றேன். அப்படியென்றால் வெளியே போகவில்லை என்றார். "என்ன பண்ணச் சொல்றீங்க என்னை? தரைய மாத்தியாச்சு. உங்க மனசை எந்த மெஷின் வச்சுத் தேய்க்கறது?" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"வழுக்கும்னு பயம் இல்ல. அன்னிக்கு விழுந்துட்டு அங்கேயே கிடந்தேன்ல. நீ டிரிப் முடிச்சு வர்ற வரைக்கும். கத்திப் பாத்தேன். யாருக்கும் கேக்கல. ஈ வந்து முகத்துல உக்காருது, ஓட்டக்கூட கை வரல."

இதை இதுவரை அவர் சொன்னதே இல்லை. நானும் கேட்டதே இல்லை. வழுக்கல் வழுக்கல் என்று மணலை அளந்துகொண்டிருந்தேன்.

கராஜுக்குப் போய், அவர் கிடந்த இடத்தில் நானும் மல்லாந்து படுத்தேன். கூரையில் ஒரு பல்பு, ஒரு ஒட்டடை. வேறொன்றும் இல்லை. கதவருகே நாற்காலியில் இருந்து, "எந்திரிடி, பைத்தியம்" என்றார். எழவில்லை. "ஒட்டடை அடிக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. தானே உருட்டிக்கொண்டு என் தலைமாட்டுக்கு வந்து நின்றார்.

மே 4, ஞாயிறு

நேற்று இவர் சொன்னதைத் தச்சரிடம் சொன்னேன். வேறெதுவும் கேட்காமல், இன்றே கராஜ் சுவரில், படுத்தாலும் கை எட்டுகிற உயரத்தில், ஒரு அழைப்பு மணியின் பொத்தானைப் பதித்துவிட்டார். மணி தச்சர் வீட்டில் அடிக்கும். இவர் அதை மூன்று தடவை அழுத்திச் சோதித்தார். மூன்று தடவையும் தச்சர் ஓடி வந்தார். நான்காவது தடவை அழுத்தினால் அடிப்பேன் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

மே 11, ஞாயிறு

இப்போதெல்லாம் சாயங்கால டீ கராஜில். ஷட்டரைத் தூக்கிவிட்டு, நான் ஸ்டூலில், அவர் நாற்காலியில். அண்ணியும் வந்து சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார். இன்று பேச்சு சுவாரஸ்யத்தில் இவர் நாற்காலியின் கால்தாங்கியிலிருந்து இரண்டு காலையும் எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் சீட்டைப் பார்த்தேன். அடுத்த சீட்டை இறக்கினேன்.

ஜூன் 12, வியாழன்

சாயங்கால டிரிப் முடிந்து தெருவுக்குள் திரும்பினேன். ஷட்டர் திறந்திருக்கிறது. வாசலில் இவர் நிற்கிறார், ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் துடைப்பான். போலீஸ்காரர் மாதிரி துடைப்பானைக் குறுக்கே நீட்டி வேனை நிறுத்தினார்.

"உள்ள விடாத. தரை ஈரமா இருக்கு."

"யாரு துடைச்சா? அண்ணி வந்தாங்களா?"

"அவ எதுக்கு? நான்தான். உன் டயர் தடம் பாக்க சகிக்கல."

"ஈரத்துல நடந்தா துடைச்சீங்க?"

"பின்ன, பறந்துகிட்டா துடைப்பாங்க? ஆஃப் பண்ணு எஞ்சினை, புகை வருது."

எஞ்சினை அணைத்தேன். அவர் திரும்பி, அந்த ஈரத் தரையின் நடுவாக, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி, விட்டுப்போன ஒரு மூலையைத் துடைக்கப் போனார். அவசரமே இல்லாத நடை.

அண்ணிக்குப் போன் போட்டேன். நான் "அண்ணி" என்றதுமே, "என்னடி? என்னாச்சு? விழுந்துட்டானா?" என்று பதறினார்.

"இல்ல அண்ணி. தரை காயணுமாம். என்னை வெளியவே நிறுத்தி வச்சிருக்கார்."

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

போனை வைக்காமலேயே இருவரும் இருந்தோம். தரை காயும் வரை வேனிலேயே உட்கார்ந்திருந்தேன்.